யாழ்ப்பாணத்தில் புல் டெரியர் வளர்க்கப் போகிறவர்களுக்கு: வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

முட்டை வடிவத் தலை, சின்ன முக்கோணக் கண், திரண்ட உடம்பு. புல் டெரியரை ஒருமுறை நேரில் பார்த்தால் பிறகு அது வேறு நாயோடு மாறாது. எங்கள் பக்கம் இதை வைத்திருப்பவர்கள் குறைவு. நான் குட்டி தேடிப் புறப்பட்டபோது கேட்டுத் தெளிய ஆள் இருக்கவில்லை. ஒருவர் "அது ஆளைக் கொல்லுற சாதி" என்றார். இன்னொருவர் "பூனைக்குட்டி மாதிரி, ஒண்டும் செய்யாது" என்றார். இரண்டுமே பிழை. எங்கு எதைக் கேட்பது, எந்தப் பத்திரத்தை எப்போது வாங்குவது, காசு எங்கே கரைகிறது என்பதையெல்லாம் அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்களும் அலையாமல் இருக்க, செய்யவேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. எதற்கு இந்த நாய் என்று வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள்

எங்களுக்கு நாய் என்றால் காவல். பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்துவிடுவது வழக்கம். புல் டெரியருக்கு இந்த வழக்கம் சரிவராது. படலையைத் திறந்து யார் வந்தாலும் ஓடிப்போய் மேலே பாய்ந்து கொஞ்சும். குரைப்பதும் குறைவு. தோற்றத்தைக் கண்டு கள்ளன் தயங்கலாம், அவ்வளவுதான். காவல்தான் வேண்டுமென்றால் நல்ல ஊர்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். காசும் மிச்சம், குரைப்பும் தாராளம்.

குணத்தை விளங்கிக்கொள்ள இதன் பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். இங்கிலாந்தின் பேர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் 1850களிலும் 1860களிலும் புல்டோக், வெள்ளை இங்கிலிஷ் டெரியர், டல்மேஷன் ஆகியவற்றைக் கலந்து உருவாக்கிய நாய் இது. அதற்கு முந்திய தலைமுறைகள் சண்டைக்கு வளர்க்கப்பட்டவை. அந்த இரத்தத்திலிருந்து வந்த குணங்கள் மூன்று. நோவை வெளியே காட்டாது. பிடித்தால் இலகுவில் விடாது. மற்ற நாய்களோடு, முக்கியமாகத் தன் பாலைச் சேர்ந்த நாயோடு, ஒத்துப்போவது அரிது. மனிதரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் அளவுக்கு மிஞ்சி. நீங்கள் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு வரும், குசினிக்குப் போனால் காலுக்குள் படுக்கும். தனியே கட்டிப்போட்டால் சில மாதங்களிலேயே குணம் கெட்டு, வாலைத் துரத்திச் சுழலவும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவும், கையில் படுவதையெல்லாம் கடித்துக் கிழிக்கவும் தொடங்கும். ஆகவே இந்த நாயின் பெரிய செலவு நேரம். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் மாலையில்தான் வீடு திரும்பும் குடும்பமென்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வளர்ந்த நாய் 20 முதல் 35 கிலோ வரை நிறுக்கும். அத்தனையும் தசை. சந்தோஷம் வந்தால் வீட்டுக்குள் கண்மண் தெரியாமல் ஓடும். மூன்று வயதுப் பிள்ளையோ, ஊன்றுகோலோடு நடக்கும் அம்மம்மாவோ குறுக்கே நின்றால் விழுந்துதான் ஆகவேண்டும். கடிக்கும் என்ற பயத்தைவிட இந்த மோதல் பயம்தான் நியாயமானது. 10 முதல் 13 வருடம் உயிரோடு இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏ.எல். படிக்கும் மகன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினால், அவன் கம்பஸ் போனபின் அதை நடத்திச் செல்வது நீங்கள்தான்.

ஆடு, கோழி, பூனை, முயல் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். டெரியருக்கு ஓடுவதைத் துரத்துவது பிறவிக்குணம். குட்டியிலிருந்து சேர்த்து வளர்த்த பூனையோடு பழகலாம். பக்கத்து வீட்டுச் சேவல் மதிலால் குதித்தால் அந்த உத்தரவாதம் இல்லை. சேவலுக்கு நட்டஈடு கொடுத்துவிடலாம், அயலட்டைச் சண்டையைத் தீர்க்கத்தான் நாட்செல்லும்.

2. குட்டிக்கு முன் வளவைத் தயார்செய்யுங்கள்

பலர் இதைக் கடைசிக்கு விடுகிறார்கள். வளவு சரியில்லாவிட்டால் நாய் சங்கிலிக்குப் போகும், சங்கிலிக்குப் போனால் மேலே சொன்ன கேடு தொடங்கும். குட்டிக்கு ஒதுக்கும் காசைவிட வேலிக்குக் கூடுதலாகப் போனாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இந்த நாய்க்கு வேலியே இல்லை, தலையால் தள்ளிக்கொண்டு போய்விடும். கதியால் வேலியென்றால் உட்புறமாகக் கம்பிவலை அடித்து, அடிப்பாகத்தை ஒரு முழத்துக்குக் குறையாமல் மண்ணுக்குள் புதையுங்கள். டெரியர் தோண்டும். மதிலென்றால் ஐந்தடியாவது இருக்கட்டும். மதிலைவிடப் படலைதான் பலவீனமான இடம்: கீழ் இடைவெளியைத் தகரமோ பலகையோ வைத்து அடையுங்கள், கொளுக்கி தானாக விழுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உள்ளே இரண்டாவது படலை ஒன்று போடுங்கள். பால்காரர், தபால்காரர், பிச்சைக்கு வருபவர் என்று பகல் முழுக்கத் திறந்து மூடும் வீடுகளுக்கு அது கட்டாயம்.

கிணற்றுக் கட்டைப் பாருங்கள். பழைய வளவுகளில் கட்டு முழங்காலளவில்தான் இருக்கும். கனத்த உடம்பும் குட்டைக் காலும் உள்ள இந்த நாய் நீந்துவதில் மட்டம். உள்ளே விழுந்தால் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. கட்டை உயர்த்துங்கள், அல்லது கம்பி மூடி போடுங்கள்.

வளவில் குவிந்திருக்கும் விறகு, ஓட்டுக்குவியல், பனையோலைக் கட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். புடையனும் சுருட்டை விரியனும் அங்கேதான் படுக்கும். மற்ற நாய் பாம்பைக் கண்டால் தூர நின்று குரைக்கும், டெரியர் வாயால் பிடிக்கப் போகும். கருக்கு மட்டைகளையும் அகற்றுங்கள். கடித்து விளையாடினால் வாய் கிழியும்.

படுக்க வெறும் சீமெந்து நிலம் வேண்டாம். முழங்கை தடித்துப் புண்ணாகும். மரப்பலகை மேடை ஒன்றும், துவைக்கக்கூடிய விரிப்பு ஒன்றும் போதும். இடம் விறாந்தையிலோ வீட்டுக்குள்ளோ இருக்கட்டும். பின்கோடியில் தகரக் கொட்டில் போட்டால் மதியத்தில் அது அடுப்பு.

3. குட்டி தேடுவதும் ஏமாறாமல் வாங்குவதும்

முகநூலில் "புல் டெரியர் குட்டி, யாழ்ப்பாணம்" என்று வரும் விளம்பரங்களில் கலப்புக் குட்டிகள் பல. "பிட் புல்", "அமெரிக்கன் புல்லி", "புல் டெரியர்" என்று மூன்று பெயரையும் ஒரே குட்டிக்குப் போடுவார்கள். புல் டெரியரின் மூக்கெலும்பு நெற்றியிலிருந்து நுனிவரை பள்ளமில்லாமல் வளைந்து இறங்கும். குட்டியில் இந்த வளைவு முழுதாகத் தெரியாது. அதனால் தாயை நேரில் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

நல்ல பரம்பரைக் குட்டிகள் பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கங்களில்தான். தொலைபேசியில் பேசும்போதே "அண்ணை, இண்டைக்கு முற்பணம் போடாட்டி நாளைக்குக் குட்டி இராது" என்று நெருக்குவார்கள். குட்டியைப் பார்க்காமல் வங்கிக் கணக்கில் காசு போடாதீர்கள். கொழும்பில் உறவினர் இருந்தால் அவரை முதலில் அனுப்பிப் பாருங்கள். வீடியோ அழைப்பில் தாயோடு குட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். அனுப்பிவைத்த படத்தை நம்பவேண்டாம்.

பார்க்கப் போகும்போது நான்கு விடயம்.

காது. வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு நிறக் குட்டிகளைவிடக் கூடுதல். ஒரு காது மட்டும் கேளாததும் உண்டு. குட்டி நித்திரையாக இருக்கும்போதோ, வேறுபக்கம் பார்க்கும்போதோ, அதன் கண்ணில் படாமல் திறப்புக்கோவையைக் குலுக்குங்கள். நிலத்தைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். கூட்டத்தில் வைத்தும் பார்க்கக்கூடாது, மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். தனியே எடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனை இரண்டு காதும் செவிடான குட்டியை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

கால். பாதம் விரிந்து, வளர்ச்சி குன்றி, நிறம் வெளிறி, தோலில் புண்ணோடு ஒரு குட்டி ஒதுங்கி நின்றால் இரக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு எடுக்காதீர்கள். இந்த இனத்தில் வரும் பரம்பரைத் தோல்நோய் ஒன்று உண்டு. மருந்தில்லை. பெரும்பாலான குட்டிகள் இரண்டு வயதைக் காண்பதில்லை.

சிறுநீரகமும் இதயமும். இந்த இனத்தின் பெரிய பலவீனங்கள். தாய் தகப்பனுக்குச் சிறுநீர்ப் புரதச் சோதனை, இதயச் சோதனை செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. கேட்டவுடன் விற்பவர் எரிச்சல்படுகிறாரா, "செய்யவில்லை" என்று நேராகச் சொல்கிறாரா என்பதிலேயே ஆளை அறிந்துகொள்ளலாம்.

வயது. எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டி வேண்டாம். கடிக்கும் அளவைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் பழக்கும். இவ்வளவு வலுவான தாடையுள்ள நாய்க்கு அந்தப் பாடம் தவறக்கூடாது.

கொண்டுவரும் பயணம் ஏ9 வீதியால் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கலாம். இரவில் புறப்படுங்கள். பஸ்ஸை நம்பி நிற்காமல் வானோ காரோ ஒழுங்குசெய்து, அந்த வாடகையையும் குட்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் அவ்வப்போது. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். நீங்களும் இறங்கித் தேங்காய் உடையுங்கள், கச்சான் வாங்குங்கள். குட்டியை மட்டும் நிலத்தில் விடாதீர்கள். அங்கே திரியும் நாய்கள் எத்தனையோ. குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். பழைய பேப்பர் விரித்த பெட்டிக்குள்ளேயே அதன் காரியம் முடியட்டும்.

4. பத்திரங்கள்

காசு கைமாறும் நேரத்திலேயே இவற்றை வாங்குங்கள். "பிறகு தபாலில் அனுப்புறன்" என்ற சொல்லை நம்பினால் பிறகு தொலைபேசியும் எடுக்கமாட்டார்கள்.

முதலாவது, பரம்பரைப் பதிவுப் பத்திரமும், விற்பவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவமும். பத்திரத்தில் உள்ள இலக்கத்தைப் பதிவு செய்த நாய்வளர்ப்போர் சங்கத்துக்கே தொலைபேசி எடுத்துச் சரிபாருங்கள். நிறத்தையும் பிறந்த திகதியையும் குட்டியோடு ஒப்பிடுங்கள். காட்சிக்குக் கொண்டுபோகவோ இனப்பெருக்கத்துக்கோ உத்தேசம் இல்லையென்றால் பத்திரம் இல்லாத குட்டியை மலிவாக வாங்கலாம் என்பார்கள். வெளிநாடு போகும் எண்ணம் துளியளவு இருந்தாலும் அப்படி வாங்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, தடுப்பூசி அட்டை. மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாள், திகதி, கால்நடை வைத்தியரின் முத்திரை மூன்றும் இருக்கவேண்டும். பேனாவால் எழுதிய திகதி மட்டும் இருந்தால் ஊசி போடவில்லை என்றே எடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது, ஒரு பக்க விற்பனைக் கடிதம். தொகை, திகதி, குட்டியின் அடையாளம், "ஏழு நாளுக்குள் பார்வோ போன்ற நோய் வந்தால் என்ன செய்வது" என்ற ஒரு வரி. இதை எழுதக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படவேண்டாம்.

யாழ்ப்பாணம் வந்தபின் உள்ளூராட்சிப் பதிவு. இலங்கையில் நாயை வருடாவருடம் பதியவேண்டும் என்பது சட்டம். மாநகர எல்லைக்குள் இருந்தால் யாழ்ப்பாணம் மாநகர சபை, வெளியே என்றால் உங்கள் நகர சபை அல்லது பிரதேச சபை. நல்லூர்க்காரர் நல்லூர் பிரதேச சபைக்கு, மானிப்பாய்க்காரர் வலிகாமம் தென்மேற்குக்கு, கோப்பாய்க்காரர் வலிகாமம் கிழக்குக்கு. விசர்நாய்த் தடுப்பூசி அட்டை, தேசிய அடையாள அட்டை, விலாசத்துக்கு ஏதாவது ஒரு பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளைக் கையோடு கொண்டுபோங்கள். கட்டணம் பெரிதில்லை. முதல் தடவை போகும்போது உரிய உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருந்தால் திரும்பி வரவேண்டியிருக்கும். காலை நேரத்தில், முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இந்தச் சிட்டையின் அருமை ஒரு பிரச்சினை வரும்போதுதான் தெரியும். "நாய் கடித்தது" என்று ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் முதலில் கேட்பது இதையும் ஊசி அட்டையையும்தான்.

5. முதல் நான்கு மாதம்

பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளடங்கிய கூட்டு ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறாவது கிழமைவரை போகவேண்டும். இடையில் ஒன்றை விட்டால் பாதுகாப்பு ஓட்டை. விசர்நாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு வருடாவருடம். சுகாதாரத் துறையின் நடமாடும் முகாம்களில் விசர் ஊசி இலவசம். கூட்டு ஊசிக்குத்தான் காசு. பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரு கிழமைக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஊசி முடியும்வரை தெருவில் நடத்தக்கூடாது. ஆனால் இதே மாதங்கள்தான் உலகத்தைப் பழக்கும் மாதங்கள். நாலு மாதம் தாண்டினால் அந்தக் கதவு மெல்ல மூடும். வழி ஒன்றுதான்: தூக்கிக்கொண்டு போங்கள். ஒழுங்கையில் போகும் லான்ட்மாஸ்ரர் சத்தம், கோயில் மணி, குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் எல்லாவற்றையும் கையில் இருந்தபடியே பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட, சாந்தமான நாயுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்குங்கள். பின்னாளில் மற்ற நாய்களிடம் முழு நட்பு வராது. குறைந்தது கண்டவுடன் பாயும் பழக்கம் குறையும்.

பல் முளைக்கும் காலத்தில் கை, கால், சாரம் எல்லாம் கடிபடும். அடிக்காதீர்கள். இந்த நாய்க்கு அடி உறைக்காது, விளையாட்டென்று நினைத்து இன்னும் உற்சாகமாக வரும். கையை இழுக்காமல், ஒரு சத்தம் போட்டு, எழுந்து அப்பால் போய்விடுங்கள். உங்கள் கவனம் போவதுதான் அதற்குப் பெரிய தண்டனை. பழக்கும் நேரம் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, கையில் அவித்த கோழித்துண்டு. ஒரு கட்டளையைப் பத்துத் தடவை சொன்னால் பதினோராவது தடவை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு பிடிவாதம்.

6. சாப்பாடும் மாதச் செலவும்

25 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 350 கிராம் உலர் உணவு. மாதம் பத்துக் கிலோவுக்கு மேல். கடையில் கிலோ விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். அதன்மேல் உண்ணி மருந்து, பூச்சி மருந்து, ஊசி, திடீர் வைத்தியம் ஆகியவற்றுக்கு மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். குட்டி விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இதைக் கேட்பதேயில்லை, முதல் வருடம் முடிவதற்குள் குட்டி விலை பின்னுக்குப் போய்விடும்.

வீட்டுச் சமையலிலும் வளர்க்கலாம். ஆனால் சோறும் குழம்பும் மீன் தலையும் போதாது. பாதியாவது இறைச்சியோ முள் நீக்கிய மீனோ முட்டையோ இருக்கவேண்டும். மீதி சோறும் அவித்த பூசணி, கரட்டும். கல்சியம் சேர்ப்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். சிலவற்றுக்குக் கோழி, மாடு என்று ஏதாவது ஒன்று ஒவ்வாமல் தோல் சிவக்கும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

மிச்சக் கறி போடுவது எங்கள் வீடுகளின் பெரிய பொறி. வெங்காயம் இல்லாத கறி ஏது? வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், சமைத்தாலும் அதே கதைதான். முந்திரிகை (திராட்சை) இன்னொன்று. எங்கள் ஊரில் பந்தல் போட்டு வளர்க்கும் முந்திரிகைப் பழமும் வற்றலும் சிறுநீரகத்தை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமான இனம். பந்தலுக்குக் கீழே உதிர்ந்ததைக் காலையில் கூட்டிவிடுங்கள்.

அடுத்தது விழுங்குவது. கறுத்தக்கொழும்பான் கொட்டை, பனங்கொட்டைத் தும்பு, தேங்காய்ப் பொச்சு, பிள்ளைகளின் காலுறை எதையும் இந்த நாய் மென்று துப்பாது. விழுங்கிக் குடலில் அடைத்தால் சத்திரசிகிச்சைதான் வழி. விளையாடக் கொடுப்பது தடித்த கெட்டி ரப்பராக, அதன் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மறுத்தல், வயிற்றைத் தொட்டால் முனகல் என்றால் அடுத்த நாள்வரை பார்க்காதீர்கள்.

7. வெயில், தோல், உண்ணி

சித்திரை தொடங்கி ஆவணிவரை காலை ஒன்பது மணிக்குப் பிறகும் மாலை ஐந்தரைக்கு முன்னும் நடத்தக்கூடாது. தார் வீதியில் புறங்கையை வையுங்கள். ஏழு செக்கன் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. இந்த நாய் களைத்தேன் என்று தானாக நிற்காது, விழும்வரை விளையாடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்து, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கம். உடனே நிழலில் போட்டுச் சாதாரண கிணற்றுத் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து, விசிறியைப் போட்டுவிட்டு, அதன்பின் வைத்தியரிடம் ஓடுங்கள். ஈரச் சாக்கால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

வெள்ளை நாயின் மூக்கு மேல், காதோரம், வயிறு வெயிலில் எரிந்து சிவக்கும். வருடக்கணக்கில் எரிந்தால் தோல் புற்றுநோய்வரை போகும். வெயிலில் கிடந்து நித்திரை கொள்வது இதற்குப் பிடித்த வேலை. எழுப்பி நிழலுக்கு அனுப்பவேண்டியது உங்கள் வேலை.

உண்ணிதான் இங்குள்ள நிரந்தர எதிரி. நாயில் காண்பது கொஞ்சம், மீதி மதில் வெடிப்பிலும் மரப்பலகை இடுக்கிலும் முட்டையிட்டுக் கிடக்கும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் குளிசைகள் உண்டு. நிறைக்கு ஏற்றதை வைத்தியர் எழுதித் தருவார். வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது, சொறிக்குக் கழிவு ஒயில் பூசுவது இரண்டும் இன்னும் நடக்கிறது. நாய் நக்கும், நஞ்சு உள்ளே போகும். சோர்வு, காய்ச்சல், வெளிறிய முரசு, கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் என்றால் உண்ணிக் காய்ச்சல். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. நோவைக் காட்டாத இனம் என்பதால் ஒருநேரச் சாப்பாட்டை விட்டாலே கவனியுங்கள்.

8. ஒழுங்கையில் நடத்துவது

நாளுக்கு இரண்டு தடவை, அரை மணித்தியாலம் வீதம். கழுத்துப் பட்டியைவிட நெஞ்சுப் பட்டி நல்லது. வார் தடித்ததாக, நீட்டிச் சுருக்கும் வகையாக இல்லாமல் இருக்கட்டும். ஒரு வயதுவரை மதில் பாய்வது, சைக்கிளோடு ஓடுவது வேண்டாம்.

கட்டாக்காலி நாய்கள்தான் பெரிய தலையிடி. தூரத்தில் கண்டவுடன் எதிர்ப்பக்கம் திரும்புங்கள், முறைத்து நிற்கவிடாதீர்கள். ஒரு குடையைக் கையில் வைத்திருந்து சட்டென்று விரித்தால் பெரும்பாலான தெருநாய்கள் விலகும். சண்டை பிடித்துவிட்டால் இரண்டு வாய்க்கும் இடையில் கை கொடுக்காதீர்கள். உங்கள் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுங்கள், அல்லது வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றச் சொல்லுங்கள். பெண் நாயென்றால் வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். அந்த மூன்று கிழமையும் ஊர் நாயெல்லாம் படலையில் நிற்கும். குட்டி போடவைத்துச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கு இல்லையென்றால் கருத்தடை செய்துவிடுங்கள். அந்தக் கணக்கு இருந்தாலும், சிசேரியன் செலவையும் விற்காத குட்டிகளின் சாப்பாட்டையும் சேர்த்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

யாரையாவது பல் பட்டுக் கீறிவிட்டால், சிறிதென்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். கூடவே ஊசி அட்டையையும் கொடுத்துவிடுங்கள். நாயைப் பத்து முதல் பதினான்கு நாள் கட்டுப்பாட்டில் வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அட்டை ஒழுங்காக இருந்தால் கடிபட்டவருக்கும் உங்களுக்கும் பாதிப் பதற்றம் குறையும்.

9. வைத்தியம்

சாதாரண ஊசிக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் யாழ்ப்பாணத்திலேயே வைத்தியர்கள் உண்டு. குட்டி வருமுன்பே ஒருவரைப் போய்ப் பார்த்து, இரவில் தொலைபேசி எடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். வருடம் ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கவேண்டும், இதயத்தைக் கேட்கவேண்டும். ஸ்கான், சிக்கலான சத்திரசிகிச்சை போன்றவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போகும்போது பழைய அறிக்கைகள் அத்தனையையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதே பரிசோதனைக்கு மறுபடி காசு கட்டுவீர்கள்.

வாலைத் துரத்திச் சுழல்வதைப் பார்த்துச் சிரித்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். எப்போதாவது ஒருமுறை என்றால் விளையாட்டு. கூப்பிட்டாலும் நிறுத்தாமல் நாள்தோறும் சுழன்றால் அது நோய், மருந்து உண்டு.

10. வெளிநாடு போகிறவர்களுக்கு

நாயை யாரிடம் விட்டுப்போவது என்று முன்பே ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டு வையுங்கள். இவ்வளவு வலுவான நாயை "பிறகு பார்ப்பம்" என்று விட்டால் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

கூட்டிக்கொண்டு போவதென்றால் நாட்டைப் பொறுத்தது. ஜேர்மனிக்குள் புல் டெரியரைக் கொண்டுபோக 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடைபோட்டிருக்கிறது. சுவிஸில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சூரிச் மாநிலத்தில் 2010 முதல் புதிதாக வைத்திருக்க முடியாது. பிரித்தானியாவின் தடைப் பட்டியலில் புல் டெரியர் இல்லை, பிட் புல் உண்டு. அங்கே நாயின் தோற்றத்தைப் பார்த்துத்தான் பிட் புல் வகையா என்று தீர்மானிப்பார்கள். பத்திரமில்லாத கலப்புக் குட்டி சிக்கலில் மாட்டும் இடம் இதுதான். பரம்பரைப் பத்திரத்தை வாங்குங்கள் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றே. முதலில் மைக்ரோசிப், அதன் பின்னரே விசர்நாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது, மறுபடி போடவேண்டும். ஊசி போட்டு முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். மில்லிலீற்றருக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச்சக்தி காட்டவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். கடைசியாகக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ். எல்லாம் தடையில்லாமல் போனாலும் நான்கு மாதத்துக்கு மேல். விசா வந்தபின் தொடங்கினால் நீங்கள் முந்திப் போய்விடுவீர்கள், நாய் பின்னால் வரவேண்டும். ஆகவே மைக்ரோசிப்பை மூன்றாம் மாத விசர் ஊசிக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஊசியை ஒரு வருடமும் திகதி பிந்தாமல் போட்டுவந்தால், இரத்தப் பரிசோதனை முடிவு பிறகும் செல்லுபடியாகும்.